ஏலப் பட்டியலின் ஒன்பதாவது வரி: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் மட்டக்களப்பு – கல்முனை வீதியோரம் கணினி திருத்தும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். போன கிழமை வீட்டு ஆதன வரி கட்டச் சபைக்கு வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த ஏல அறிவித்தலை வாசித்தேன். உடைந்த கதிரை, துருவேறிய தண்ணீர்த் தாங்கி, உழவு இயந்திரப் பெட்டியின் டயர் எல்லாவற்றுக்கும் கீழே, ஒன்பதாவது வரியில் “பாவனைக்குதவாத சிறிய கணினிகள் – 23” என்று இருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். கதிரைகளை யார் வாங்கினாலும் எனக்குக் கவலையில்லை.

அந்த 23 பெட்டிகளையும் எனக்கு நேரில் தெரியும். 2011 தை மாத வெள்ளம் வடிந்த பிறகு, வாசிகசாலைகளுக்கென்று ஏதோ ஓர் உதவித் திட்டத்தில் வந்தவை. பெரிய அகராதி ஒன்றின் அளவு இருக்கும். திரையின் முதுகில் ஸ்குரூ போட்டுத் தொங்கவிடலாம். வந்த புதிதில் அவற்றைப் பொருத்திக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு மீசை கறுப்பு. இரண்டு வகைப் பெட்டிகள் இருந்தன என்பது நினைவிருக்கிறது: 9 பெட்டிகளில் இன்டெல் ஆட்டம் என்270 செயலி (கணினியின் மூளை), மற்ற 14இலும் அதற்கு அடுத்த தலைமுறையான ஆட்டம் டி525. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும். அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

“பாவனைக்குதவாத” என்று எழுதிய அலுவலர் பொய் எழுதவில்லை. அவர் ஒரு பெட்டியை மேசையில் வைத்து, சுவிட்சைப் போட்டு, நாலு நிமிடம் காத்திருந்து, இணைய உலாவியைத் திறந்து, அது உறைந்து நின்றதைப் பார்த்திருப்பார். பார்த்தவர் வேறு என்ன எழுதுவார்? 2019இல் என்னிடம் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன். “தூக்கிப் போடுங்க, இதுல ஒண்டும் ஏலாது” என்று. அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் இப்போது வந்திருக்கிறேன்.

ஆட்டம் செயலி 2008இல் வந்தது. அதற்கு முதல் ஆண்டு ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற குட்டி மடிக்கணினியை விட்டிருந்தது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு. மலிவாகவும் சிறிதாகவும் மின்சாரம் தின்னாமலும் ஒரு கணினி செய்யலாம் என்று உலகம் நம்பிய காலம் அது. என்270 வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ். செயலி மட்டும் பார்த்தால் அதன் வெப்ப அளவு 2.5 வாட்தான். அன்றைக்கு இணையப் பக்கம் என்றால் எழுத்தும் நாலைந்து படமும். அதற்கு இது போதுமாக இருந்தது. அப்புறம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. குரோம் உலாவி 2016இல் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்; 32 பிட் என்பது பழைய செயலி வகை, புதியவை 64 பிட். இணையப் பக்கங்களோ ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போயின. இப்போது ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் செய்தி ஒரு பிடி, விளம்பரத்தின் நிரல் ஒரு மூட்டை. பெட்டி அப்படியேதான் இருக்கிறது. 2011இல் செய்த எல்லாவற்றையும் இன்றும் அதே வேகத்தில் செய்யும். நாங்கள்தான் அதன் தலையில் தூக்கி வைக்கிற சுமையைக் கூட்டிவிட்டோம்.

வயதுபோன ஆளை யாரும் வரம்பு வெட்ட அனுப்புவதில்லை. வாடியில் இருந்து வேளாண்மை காக்கச் சொல்வார்கள். விடிய விடிய விழித்திருந்து பன்றியை விரட்டுவது, அவசரமில்லாத, ஆனால் ஆள் இல்லாமல் நடக்காத வேலை. இந்தப் பெட்டிகளுக்கும் அப்படி ஒரு வாடிக்காவல் வேலை இருக்கிறது. முன்னால் ஆள் உட்கார்ந்து பாவிக்கிற கணினியாக அவற்றின் காலம் முடிந்தது உண்மை. திரையும் விசைப்பலகையும் இல்லாமல், ஒரு மூலையில் இருந்து, ஒரே ஒரு வேலையை ராப்பகலாகச் செய்யச் சொன்னால் இன்னும் பல வருடம் ஓடும். இது என் ஊகமில்லை. முந்திய ஏலத்தில் கிலோ விலைக்குப் போன சிலவற்றில் இரண்டை இரும்புக் கடைக்காரரிடமிருந்து நான் வாங்கினேன். அந்த இரண்டும் என்ன செய்கின்றன என்று சொல்கிறேன்.

முதலாவது போனது எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு. வைகாசிச் சடங்குக்கு முந்திய மாதம் கோயில் நிருவாகியான வண்ணக்கர் கடைக்கு வந்து, காலையில் பாட்டுப் போட ஆள் கிடைக்கவில்லை, போடுகிற பொடியன் வெளிநாடு போய்விட்டான் என்றார். சரி என்று ஒரு என்270 பெட்டியைத் துடைத்து, லினக்ஸ் போட்டு, பாட்டுகளை ஏற்றி, “5 மணிக்குப் பாடு, 6 மணிக்கு நிறுத்து” என்று இரண்டு வரி எழுதி, கோயில் அம்பிளிபயரில் கொழுவிவிட்டேன். இரண்டு கிழமை ஒழுங்காகப் பாடியது. பிறகு ஒருநாள் நடுச்சாமத்தில், சரியாக 2 மணிக்கு, நாலு கோணத்து ஒலிபெருக்கியும் முழங்க ஊர் எழும்பியது. சில பேர் விடிந்துவிட்டது என்று நினைத்து முகம் கழுவிவிட்டார்கள். யாரோ செத்துப்போனார் என்று நினைத்தவர்களும் உண்டு.

நடந்தது இதுதான். மதர்போர்டில் ஒரு ரூபாக் குற்றி அளவில் சிஆர்2032 என்று ஒரு பற்றரி இருக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓடவைப்பது அதன் வேலை. பத்து வருடப் பெட்டியில் அது எப்போதோ செத்திருந்தது. அன்று மாலை போன கரண்ட் இரவு 9 மணிக்கு வந்தது. அந்த நேரத்தில் பெட்டி விழித்து, தன் கணக்குக்கு நள்ளிரவு 12 என்று மணியைத் தொடங்கியிருக்கிறது. அது 5 என்று எண்ணி முடித்தபோது எங்களுக்கு 2 மணி. இணையம் இருந்திருந்தால் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்தியிருக்கும். கோயிலில் இணையம் ஏது? “மனே, அம்மாளுக்கு நித்திரை முறிஞ்சா பரவாயில்ல, ஊருக்கு நித்திரை முறிஞ்சா என்னையல்லவா கேப்பாங்க” என்றார் வண்ணக்கர். பற்றரியை மாற்றினேன். அதற்குப் பிறகு இன்றுவரை நேரம் தவறவில்லை. இந்த மடலில் ஒரே ஒரு தொழில்நுட்ப விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் அந்தப் பற்றரியை வையுங்கள். மணிக்கூடு பின்னால் போன கணினி பாதுகாப்பான இணையத் தளம் எதையும் திறக்காது. சான்றிதழ் பிழை என்று சொல்லும். “பழுது” என்று என் கடைக்கு வருகிற பழைய கணினிகளில் ஒரு பங்கு இந்தப் பற்றரிப் பழுதுதான்.

இரண்டாவது பெட்டிதான் நான் உங்களிடம் காட்ட விரும்புவது. அது டி525. வாவிக்கு அங்காலே ஒரு வாசிகசாலையில், தினசரிப் பத்திரிகை கட்டிவைக்கும் அலுமாரிக்கு மேலே, எட்டு மாதமாக இருக்கிறது. பக்கத்தில் யாரோ புதிது வாங்கியதும் கழித்துவிட்ட ஒரு வைஃபை றவுட்டர். இணைய இணைப்பு கிடையாது. கிவிக்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. விக்கிப்பீடியாவை முழுதாக ஒரு கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமல் வாசிக்கச் செய்வது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதை ஆரம்பத்திலிருந்தே கட்டி எழுப்பிய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். இன்றைக்கு ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள். அவ்வளவும் ஒரு சாதாரண பென் டிரைவில் அடங்கும். அதோடு கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடநூல்களையும், சாதாரண தரம், உயர்தரம் இரண்டின் பழைய வினாத்தாள்களையும் தேடி இறக்கிப் போட்டேன்.

பிள்ளைகள் தங்கள் போனிலோ அம்மாவின் போனிலோ அந்த வைஃபையைப் பிடித்து, சுவரில் ஒட்டியிருக்கும் முகவரியை அடித்தால் எல்லாம் வரும். டேட்டாக் காசு ஒரு சதம் போகாது. பெட்டி திணறுவதும் இல்லை. ஏனென்றால் பக்கத்தைக் கோர்த்துக் காட்டுகிற பாரமான வேலையைப் போன் பார்த்துக்கொள்கிறது. பெட்டி கேட்ட தாளை எடுத்து நீட்டுகிற நூலக உதவியாளர் மட்டும்தான்.

ஒரு சிக்கல் வந்தது. எழுதாமல் விட்டால் நாளை இதைச் செய்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். இணையம் இல்லாத வைஃபையைப் பிடித்தவுடன் போன் “இதில் இணையம் இல்லை, தொடரவா?” என்று கேட்கும். வேண்டாம் என்று அமத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ அது சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். முகவரியை அடித்தால் ஒன்றும் வராது. முதல் கிழமை முழுக்க “வேலை செய்யுதில்ல” என்றுதான் வந்தார்கள். வாசிகசாலைக்குப் பொறுப்பான அக்கா ஒரு காட்போட் மட்டையில் சிவப்புப் பேனாவால் “தொடர் என்று அமத்தவும், டேட்டாவை மூடவும்” என்று எழுதித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு சிக்கல் இல்லை.

எதை அதிகம் பார்த்தார்கள் என்பது பெட்டியின் பதிவில் தெரியும். யார் பார்த்தார் என்பதை நான் சேமிப்பதில்லை. முதலிடம் கணித வினாத்தாள். இரண்டாவது கிரிக்கெட் வீரர்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. வாசிகசாலைக்குப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் பார்க்க வருவதும் வாசிப்புத்தான். எதிர்பாராதது, ஒரு வயல்காரர் வந்து, நெல்லில் அறக்கொட்டிப் பூச்சி விழுந்ததைப் பற்றி இதில் ஏதும் இருக்கிறதா என்று கேட்டது. இருக்கவில்லை. விவசாயத் திணைக்களத்தின் தமிழ்த் துண்டுப்பிரசுரங்களைத் தேடிப் போட்டுவிட்டேன். இப்போது அவர் வந்தால் பொடியனொருவன் போனில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறான்.

2020இலும் 2021இலும் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது குளக்கட்டில் பிள்ளைகள் சிக்னலுக்குக் கையை உயர்த்திக்கொண்டு நின்றதை உங்களில் சிலரும் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் இந்த 23 பெட்டிகளும் சபையின் களஞ்சிய அறையில் பூட்டிக் கிடந்தன. யாரையும் குற்றம் சொல்லவில்லை. எனக்கே அப்போது இது தோன்றவில்லையே.

சரி, மின்சாரம். உறுப்பினர்கள் முதலில் கேட்கப்போவது அதுதான். சுவரில் கொழுவும் மீற்றர் வைத்து அளந்தேன். என்270 பெட்டி 14 வாட், டி525 பெட்டி 20 வாட். ராப்பகலாக மாதம் முழுக்க ஓடினால் முதலாவதுக்கு 10 யூனிட்டும், இரண்டாவதுக்கு 14 யூனிட்டும் கொஞ்சமும் வரும். பழைய பெரிய மேசைக்கணினி ஒன்று என் கடையில் 110 வாட் இழுக்கிறது. அதே கணக்கில் 79 யூனிட். இன்னொரு விதமாகச் சொன்னால், வாசிகசாலையின் 70 வாட் கூரை விசிறி காலை 9இலிருந்து மாலை 5 வரை சுற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம், இந்தப் பெட்டிகளில் ஒன்று 24 மணி நேரமும் விழித்திருப்பதற்குப் போதும். இரவில் தேவையில்லை என்றால் அணைத்தும் வைக்கலாம்.

இந்தப் பெட்டிகளுக்கு 12 வோல்ட் அடாப்டர். அது எவ்வளவு பெரிய வசதி என்று எனக்கு 2022 பங்குனியில்தான் விளங்கியது, ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போன அந்தக் கிழமையில். செத்துப்போன சின்ன யூ.பி.எஸ். பலவற்றுக்குள்ளும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி அளவில் ஒரு பற்றரி இருக்கும். யூ.பி.எஸ். செத்தாலும் சில நேரம் பற்றரியில் உயிர் மிச்சமிருக்கும். அதைப் பாதிவரை மட்டும் இறக்கினால் 42 வாட்-மணி. 14 வாட் பெட்டி 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய ஓடும். இன்வேர்ட்டர் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பற்றரி 14 வோல்ட் பக்கம் போய்விடும் என்பதால் இடையில் வோல்ட்டை நிலைநிறுத்தும் ஒரு சின்னச் சுற்று போட வேண்டும். நேரடியாகக் கொழுவி நான் ஒரு பெட்டியை எரித்திருக்கிறேன். மாரியில் வீதி முறிந்து நாலு நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும் ஊருக்கு, சூரியத்தகடு ஒன்றும் கார் பற்றரி ஒன்றும் சேர்த்தால் போதும். அந்த வைஃபையில் நிவாரண நிலையத்தின் பெயர்ப்பட்டியலையும் வைத்தியசாலை இலக்கங்களையும் போட்டுவைக்கலாம். இதை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. அடுத்த மாரிக்குள் ஓர் இடத்தில் பார்க்க ஆசை.

செய்து பார்த்துப் பலன் கண்ட இன்னொன்று இருக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் பக்கத்துக் கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், மன்றங்கள் வெளியிட்ட சிறு புத்தகங்கள் எல்லாம் வாசிகசாலை அலுமாரியில் கறையான் தின்கின்றன. படமாக ஸ்கேன் செய்துவைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தேட முடியாது. டெசராக்ட் என்று ஓர் இலவச மென்பொருள், அச்செழுத்தைப் படித்து, எந்தக் கணினியிலும் தேடக்கூடிய யூனிகோட் எழுத்தாக மாற்றும். அதற்குத் தமிழும் தெரியும். புதிய கணினியில் ஒரு பக்கத்துக்குச் சில நொடி. கையில் மிச்சமிருந்த ஒரு பழைய ஆட்டம் பெட்டியில் மூன்று நிமிடம். ஆனால் மாலை 6இலிருந்து காலை 6 வரை 720 நிமிடம் இருக்கிறது, அதை நான் எதற்கும் பாவிக்கப்போவதில்லை. 192 பக்கக் கும்பாபிஷேக மலர் ஒன்றைக் கடை பூட்டும்போது கொடுத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் முடித்துவிட்டு இருந்தது.

பிழைகள் இல்லாமலா? “ர”வையும் காலையும் மாற்றி மாற்றிப் போடும். பழைய அச்சில் ணை, லை எல்லாம் யானைத் தும்பிக்கை போட்டிருக்குமே, அதைக் கண்டால் தடுமாறும். ஆனாலும் தன் பாட்டனார் அந்தக் கோயிலுக்குக் கொடிமரம் கொடுத்தாரா என்று தேடி வந்தவருக்குப் பெயரை அடித்து இரண்டு நொடியில் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். சபையிடமும் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கூட்டக் குறிப்புகள் மலைபோல் இருக்கும். அவற்றை யூனிகோடாக மாற்றுவது இதைவிட லேசு. ஒரு பெட்டி அந்த வேலைக்கென்றே இரவில் இருந்தால் உங்கள் அலுவலகத்துக்கே நன்மை.

தோற்றவற்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் கணினியாக ஒன்றை மீட்க முயன்றேன். ரேமை (நினைவகத்தை)க் கூட்டினேன், எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பு வட்டைப் போட்டேன், இருப்பதிலேயே லேசான லினக்ஸைப் போட்டேன். எழுத்து அடிக்கலாம். வீடியோப் பாடம் ஓடவில்லை, ஜூம் வகுப்பு நினைக்கவே வேண்டாம். ஆகவே இவற்றைத் தயவுசெய்து பாடசாலைக் கணினி அறைக்குத் தானம் என்று கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்குகிறவர்களுக்கு அது தண்டனை. பாதுகாப்புக் கமெராவுக்கும் வைத்துப் பார்த்தேன். வரும் காட்சியை அப்படியே வட்டில் எழுது என்றால் எழுதியது. அசைவு தெரிந்தால் மட்டும் எழுது என்றதும் மூச்சு முட்டிவிட்டது. கடையில் உள்ள பழைய பிரின்டரை வைஃபைப் பிரின்டராக்கியது மட்டும் நல்ல வெற்றி, ஆனால் அது யாருக்கும் பெரிய செய்தியில்லை.

இப்போது அந்த 9க்கும் 14க்கும் வருகிறேன். என்270 வெறும் 32 பிட். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தபோது 32 பிட் கணினிக்கான நிறுவியை நிறுத்திவிட்டார்கள். அல்பைன் போன்ற வேறு சில லினக்ஸ் வகைகள் இன்னும் கைவிடவில்லை. ஆனாலும் அந்த 9ஐயும் இணையத்தில் கொழுவாத வேலைகளுக்கு மட்டும் வைப்பதுதான் புத்தி. கோயில் பாட்டு, இணையமில்லாத நூலகம், இரவில் எழுத்துப் படிக்கும் வேலை. டி525 64 பிட், அதனால் இன்றைய டெபியனே ஓடும், திருத்தங்களும் கிடைக்கும், வலையமைப்பில் வைக்கலாம். எல்லாப் பெட்டியும் எழும்பும் என்று நான் வாக்குத் தரவில்லை. கடற்காற்று உப்பு, ரேமின் பல்லில் பச்சை பூத்திருக்கும். அதை அழிரப்பரால் தேய்த்தால் பாதிப் பெட்டி எழும்பும், அது எங்கள் தொழிலின் பழைய இரகசியம். அடாப்டருக்குள் கப்பாசிட்டர் தலை வீங்கியிருக்கும், அது மாற்றலாம். மதர்போர்ட் அரித்திருந்தால் உதிரிப் பாகத்துக்குத்தான். முந்தியவற்றில் ஒன்றைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டை ஆறு இருந்தது. ஓட்டைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன், அதுவும் ஓடியது.

ஒரு சங்கடமான விஷயத்தையும் இதில் எழுதத்தான் வேண்டும். ஏலத்தில் போன அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றின் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) அழிக்கப்படாமல் வந்தது. எந்த அலுவலகத்தில் இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குள் ஆட்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் ஒரு நீண்ட அட்டவணையாக இருந்தன; எனக்குத் தெரிந்த ஆட்களின் பெயர்களும் இருந்தன. நான் அன்றே அழித்தேன். வேறொருவர் கையில் போயிருந்தால்? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது சரியில்லை. ஆகவே நான் கேட்பது எதற்கும் நீங்கள் உடன்படாவிட்டாலும், ஏலத்துக்கு முன் அந்த 23 வன்தட்டுகளையும் கழற்றி அழித்துவிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

“புதிதாகவே வாங்கிக் கொடுக்கலாமே” என்று ஓர் உறுப்பினர் கேட்பார். கொடுங்கள், நல்லது. கை அளவு ராஸ்பெர்ரி பை போன்ற புதிய சின்னக் கணினி இதைவிடக் குறைந்த மின்சாரத்தில் இதைவிட வேகமாக இந்த வேலையைச் செய்யும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒதுக்கீடு, விலைமனு, அனுமதி எல்லாம் வேண்டும். இது உங்கள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. பற்றரி, சின்ன எஸ்எஸ்டி, வயர் எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு பெட்டிக்கு ஆறாயிரம் ரூபாவுக்குச் சற்று மேல் முடிந்தது. ஏலத்தில் அதே பெட்டி உங்களுக்கு எவ்வளவு தரும் என்பதைச் சென்றமுறைப் பற்றுச்சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இரும்புக் கடைக்காரர் என் வாடிக்கையாளர், நல்ல மனிதர். அவர் செம்பையும் அலுமினியத்தையும் பிரித்துக்கொண்டு மிச்சத்தை என்ன செய்கிறார் என்பது, காற்று எங்கள் பக்கம் அடிக்கும் மாலைகளில் மூக்குக்குத் தெரியும்.

“யார் பராமரிப்பது?” இது நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் பாதி விடைதான் இருக்கிறது. நாடா வெட்டித் திறந்து ஆறு மாதத்தில் தூசி பிடித்த திட்டங்களை நீங்களும் நானும் நிறையக் கண்டிருக்கிறோம். எட்டு மாதமாக அந்த வாசிகசாலைப் பெட்டி ஓடுவதற்குக் காரணம் பெட்டியில்லை, அந்த அக்கா. கரண்ட் போய் வந்தால் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார், எரியாவிட்டால் எனக்கு அடிக்கிறார். கடவுச்சொல் வரவுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. மூன்று மாதத்துக்கொருமுறை நான் ஒரு பென் டிரைவோடு போய்ப் புதியதை ஏற்றிவிட்டு ஒரு பிளேன் ரீ குடித்துவிட்டு வருகிறேன். ஒன்றுக்கு இது சரி. பத்துக்கு நான் ஒருவன் போதாது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கணினி படிக்கும் பிள்ளைகள் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஒரு வாசிகசாலைக்கு ஒருவர் என்று சபை எழுத்தில் பொறுப்புக் கொடுத்து, போக்குவரத்துச் செலவு கொடுத்தால் மிச்சப் பாதி விடையும் வரும். ஆள் கிடைக்காத இடத்துக்குப் பெட்டி வைக்க வேண்டாம். வைத்தால் அடுத்த ஏலத்தில் அதுவே வரும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஒன்பதாவது வரியை மட்டும் இந்த ஏலத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவை நடக்கட்டும். களஞ்சிய அறையை ஒரு சனிக்கிழமை காலை திறந்து தாருங்கள். நானும் கடைப் பொடியன்கள் இருவரும் வந்து 23ஐயும் திறந்து பார்த்து, எழும்புவது, திருத்தினால் எழும்புவது, உதிரிக்கு மட்டும் என்று மூன்றாகப் பிரித்து, தொடர் இலக்கத்தோடு எழுதித் தருகிறோம். கூலி வேண்டாம். பொருள் பொறுப்பாளர் பக்கத்திலேயே இருந்து பார்க்கட்டும், ஒரு ஸ்குரூவும் வெளியே போகாது. அந்தப் பட்டியலை அடுத்த சபைக் கூட்டத்தில் வைத்து, எந்த வாசிகசாலைக்கு எது என்று நீங்களே தீர்மானியுங்கள். முதலில் இரண்டு போதும். எழும்பாததை எல்லாம் அப்புறம் ஏலத்தில் போடலாம், வன்தட்டு இல்லாமல்.

அதற்கு முன் நேரில் பார்க்க விரும்பினால் அந்த வாசிகசாலைக்கு எந்தப் பின்னேரமும் வரலாம். போனைக் கொண்டு வாருங்கள், டேட்டாவை மூடிவிட்டு, மட்டையில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

இப்படிக்கு,
வீதியோரக் கணினிக் கடைக்காரன்

பி.கு.: களஞ்சிய அறையின் வடக்கு மூலையில் கூரை ஒழுகுகிறது, வரி கட்ட வந்த அன்று யன்னலால் பார்த்தேன். பெட்டிகள் அந்த மூலையில்தான் அடுக்கியிருக்கின்றன. நீங்கள் முடிவெடுக்கும்வரை அவற்றை எதிர்ப்பக்கச் சுவரோரம் தள்ளிவைக்கச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.